கடலில் கப்பல்... கோவையில் செக்கு!



கோபிசெட்டிபாளையம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு சினிமா ஷூட்டிங் ஒன்றும் புதிதல்ல. வாய்க்கால் கரை, நெல் வயல், தென்னந்தோப்பு, கொடிவேரி அணை என்று எங்கேயாவது ஓர் இடத்தில் கேமரா நிற்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் நீங்களும் நின்று வேடிக்கை பார்த்திருப்பீர்கள். கதாநாயகன் பத்துப் பேரைப் பந்தாடுவார். அடி வாங்கியவர்கள், டைரக்டர் கட் சொன்னதும் எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய் விடுவார்கள். ரத்தம் மாதிரி தெரிந்தது எல்லாம் வெறும் சாயம்!

ஆனால், ஒரு பழைய படத்தில் வரும் துன்பம் எதுவுமே சாயம் இல்லை. அந்தப் படத்தில் நடிகர் பட்ட கஷ்டத்தைவிட, நிஜத்தில் அந்த மனிதர் பட்ட கஷ்டம் பல மடங்கு அதிகம். அதில் முக்கியமான பகுதி நடந்தது எங்கே தெரியுமா? கோபியிலிருந்து சுமார் 80 கி.மீ., தொலைவில் இருக்கும் நம் கோவையில்தான்!

அந்தப் படம், 'கப்பலோட்டிய தமிழன்'. 1961-ல் பி.ஆர். பந்துலு தயாரித்து, இயக்கினார். கதாநாயகனாக நடித்தவர் சிவாஜி கணேசன். பாரதியாராக எஸ்.வி. சுப்பையாவும், சுப்பிரமணிய சிவாவாக டி.கே. சண்முகமும் நடித்தார்கள். ம.பொ. சிவஞானம் எழுதிய புத்தகத்தை வைத்துத்தான் அந்தப் படம் உருவானது. உங்கள் தாத்தா, பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். செக்கிழுக்கும் காட்சியைச் சொல்லும்போதே அவர்கள் குரல் தழுதழுத்து விடும்.

அந்தப் படத்தின் நிஜ நாயகன் வ.உ. சிதம்பரம் பிள்ளை. நாம் செல்லமாக, மரியாதையாகச் சொல்லும் வ.உ.சி. அவருடைய கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

ஒட்டப்பிடாரத்துப் பையன்

செப்டம்பர் 5 என்றதும் உங்களுக்கு ஆசிரியர் தினம் நினைவுக்கு வரும். அதே நாளில், 1872-ஆம் ஆண்டு பிறந்தவர் வ.உ.சி. ஊர், ஒட்டப்பிடாரம். அப்போது திருநெல்வேலி மாவட்டம். இப்போது தூத்துக்குடி மாவட்டம். வீரபாண்டிய கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சி பக்கத்தில்தான் இருக்கிறது. சின்ன வயதில் கட்டபொம்மன் கதை கேட்டு வளராத பிள்ளை அந்த வட்டாரத்தில் உண்டா என்ன?

அப்பா உலகநாத பிள்ளை, வழக்கறிஞர். அம்மா பரமாயி அம்மாள். வசதியான குடும்பம். ஒட்டப்பிடாரம், தூத்துக்குடி, திருநெல்வேலி என்று படித்து, பிறகு திருச்சியில் சட்டம் பயின்று, வ.உ.சி.யும் வழக்கறிஞர் ஆனார்.

கறுப்புக் கோட்டு போட்டதும் பணம் சம்பாதிக்கத்தான் கிளம்புவார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவரோ, ஏழைகளின் வழக்கு என்றால் காசு வாங்காமல் வாதாடினார். போலீஸ்காரர்கள் பொய் வழக்குப் போட்டால், அவர்களையே கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்டார். மகன் ஊர்ப் பகையைத் தேடிக் கொள்கிறானே என்று அப்பாவுக்குக் கவலை.

இன்னொரு சம்பவமும் உண்டு. ராமையா தேசிகர் என்றொருவர். கண் பார்வை இல்லாதவர், நன்றாகக் கற்றவர். தாழ்ந்த சாதி என்று சொல்லி ஒதுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர். அவரை வ.உ.சி. தன் வீட்டிலேயே தங்க வைத்தார். வ.உ.சி.யின் மனைவி வள்ளியம்மை, தன் கையாலேயே அவருக்குச் சோறு பரிமாறினார். ஊரார் கொதித்தார்கள். உறவினர்கள் முகத்தைத் திருப்பிக் கொண்டார்கள். கணவனும் மனைவியும் அசையவே இல்லை. இது நடந்தது நூற்றிருபது ஆண்டுகளுக்கும் முன்னால் என்பதை நினைத்துப் பாருங்கள்!

வள்ளியம்மை இளம் வயதிலேயே இறந்து போனார். பிறகு வ.உ.சி., மீனாட்சி அம்மாளை மணந்தார். தொழிலுக்காகத் தூத்துக்குடியில் குடியேறினார்.

கடல் யாருக்குச் சொந்தம்?

தூத்துக்குடி துறைமுகம் எப்போதும் பரபரப்பாக இருக்கும். அங்கிருந்து கொழும்புவுக்கு ஆட்கள் போவார்கள், சரக்கு போகும். ஆனால், கப்பல் எல்லாம் ஆங்கிலேயர் கப்பல். பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி வைத்ததுதான் கட்டணம். நம் கடல், நம் சரக்கு, நம் ஆட்கள்... லாபம் மட்டும் அவர்களுக்கு.

1905-ல், ஆங்கிலேய அரசு வங்காளத்தை இரண்டாகப் பிரித்தது. அதை எதிர்த்து நாடெங்கும் சுதேசி இயக்கம் கிளம்பியது. சுதேசி என்றால் சொந்த நாட்டுப் பொருள். வெளிநாட்டுத் துணியை வாங்காதே, நம் ஊர் நெசவாளி நெய்ததை உடுத்து என்பது அதன் முழக்கம். பலர் துணியை எரித்தார்கள். வ.உ.சி. கொஞ்சம் பெரிதாக யோசித்தார். சுதேசித் துணி, சுதேசி உப்பு இருக்கும்போது, சுதேசிக் கப்பல் ஏன் இருக்கக் கூடாது?

கேட்டவர்கள் சிரித்தார்கள். கப்பல் என்ன, சந்தையில் வாங்கும் கத்தரிக்காயா?

வ.உ.சி. சளைக்கவில்லை. 1906 அக்டோபர் 16-ல், சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய் என்று திட்டம். பணக்காரர் ஒருவரிடமே அத்தனை பணத்தையும் கேட்கவில்லை அவர். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40 ஆயிரம் பங்குகளாகப் பிரித்தார். 25 ரூபாய்தானா என்று சிரிக்காதீர்கள்! அந்தக் காலத்தில் ஒரு சவரன் தங்கக் காசே 15 ரூபாய்தான்.

மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் கம்பெனியின் தலைவர் ஆனார். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற வணிகர், 8 ஆயிரம் பங்குகளை எடுத்துக்கொண்டு இரண்டு லட்சம் ரூபாய் கொடுத்தார். சாதாரண மக்களும் பங்கு வாங்கினார்கள். அதனால்தான் அது வ.உ.சி.யின் கப்பல் மட்டுமல்ல. ஊரே சேர்ந்து வாங்கிய கப்பல்.

வந்தது பார் கப்பல்!

முதலில், பம்பாய்க் கம்பெனி ஒன்றிடம் வாடகைக்குக் கப்பல் எடுத்தார்கள். ஆங்கிலேயக் கம்பெனி சும்மா இருக்குமா? அந்தக் கப்பல்காரர்களை மிரட்டியது. அவர்கள் கப்பலைத் திரும்ப எடுத்துக் கொண்டார்கள். டிக்கெட் கொடுத்தாயிற்று, கப்பல் இல்லை! வ.உ.சி. உடனே இலங்கையிலிருந்து ஒரு கப்பலை வாடகைக்குப் பிடித்துச் சமாளித்தார்.

இனி வாடகைக் கப்பல் உதவாது என்று புரிந்தது. சொந்தக் கப்பல் வாங்க வடக்கே கிளம்பினார். அப்போது வீட்டில் மகனுக்கு உடல் நலம் சரியில்லை. மனைவி நிறைமாதக் கர்ப்பிணி. போக வேண்டாம் என்று தடுத்தவர்களிடம், வீட்டைக் கடவுள் பார்த்துக் கொள்வார் என்று சொல்லி விட்டு, கப்பலோடுதான் திரும்புவது என்ற உறுதியோடு ரயில் ஏறினார். அது சரியா, தப்பா என்று உங்கள் வீட்டில் பேசிப் பாருங்கள். அந்த உறுதிக்கு வீட்டிலிருந்தவர்களும் விலை கொடுத்தார்கள் என்பதை மட்டும் மறந்து விடாதீர்கள்.

1907-ல், 'எஸ்.எஸ். காலியா', 'எஸ்.எஸ். லாவோ' என்ற இரண்டு நீராவிக் கப்பல்கள் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் சுமார் 1,300 சாதாரண வகுப்புப் பயணிகள் போகலாம். 4 ஆயிரம் மூட்டை சரக்கு ஏற்றலாம். கப்பலைப் பார்க்கக் கடற்கரையில் ஜனங்கள் திருவிழாக் கூட்டமாகக் கூடினார்கள். பாரதியார் தன் 'இந்தியா' பத்திரிகையில் எழுதி எழுதி மகிழ்ந்தார்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. சுதேசிக் கப்பலில் கூட்டம் நிரம்பியது. ஆங்கிலேயக் கம்பெனி, கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. ஒரு ரூபாய்க்கு அப்போது 16 அணா. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறங்கியது. ஆங்கிலேயக் கம்பெனி யோசித்தது. இலவசமாகவே வாருங்கள் என்று அறிவித்தது. போதாக்குறைக்கு, பயணிகளுக்குக் குடையும் இனாமாகக் கொடுத்ததாகச் சொல்வார்கள்!

இது கேட்பதற்குச் சிரிப்பாக இருந்தாலும், வியாபாரத்தில் பயங்கரமான ஆயுதம். பெரிய கம்பெனியால் பல மாதம் நஷ்டத்தைத் தாங்க முடியும். பங்குப் பணத்தில் ஓடுகிற சிறிய கம்பெனியால் முடியுமா? இனாம் குடைக்குப் பின்னால் அந்தக் கணக்குதான் ஒளிந்திருந்தது.

பாதிச் சவரம்!

தூத்துக்குடியில், கோரல் மில் என்று ஆங்கிலேயருக்குச் சொந்தமான பஞ்சாலை ஒன்று இருந்தது. விடிவதற்கு முன் போனால் இருட்டிய பிறகுதான் வீடு. ஞாயிற்றுக்கிழமைகூட லீவு இல்லை. கூலியும் குறைவு. தப்பு செய்தால் பிரம்படி. சின்னப் பிள்ளைகளும் அங்கே வேலை பார்த்தார்கள்.

1908 பிப்ரவரி 27-ல், ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னால் நின்றவர்கள் வ.உ.சி.யும், அவருடைய நண்பர் சுப்பிரமணிய சிவாவும். வேலை இல்லாவிட்டால் கூலி இல்லை. கூலி இல்லாவிட்டால் அடுப்பு எரியாதே? வ.உ.சி. ஊராரிடம் பணம் திரட்டி, தன் கைப்பணத்தையும் போட்டு, தொழிலாளர் குடும்பங்களுக்குச் சாப்பாட்டுக்கு வழி செய்தார்.

ஊரே அவர்கள் பக்கம் நின்றது. எப்படி என்றால், ஒரு வழக்கறிஞர் சவரம் செய்து கொண்டிருந்தாராம். பேச்சுவாக்கில், வேலைநிறுத்தத்தை அவர் எதிர்ப்பது தெரிந்தது. சவரத் தொழிலாளி கத்தியை மடக்கி வைத்து விட்டு எழுந்து போய் விட்டார். வேறு யாரும் மீதியைச் செய்து தர முன்வரவில்லை. பாவம், பாதிச் சவரத்தோடு ரயிலேறித் திருநெல்வேலி போனாராம் அந்த வழக்கறிஞர்!

ஒன்பதே நாளில் மில் முதலாளிகள் இறங்கி வந்தார்கள். கூலி உயர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைத்தது. இந்தியத் தொழிலாளர்கள் நடத்திய ஆரம்பகால வேலைநிறுத்தங்களில் வெற்றி பெற்ற ஒன்று அது.

நாற்பது ஆண்டுத் தண்டனை

கப்பலாலும் எரிச்சல், மில்லாலும் எரிச்சல். அரசு, வ.உ.சி.யைப் பிடிக்கச் சமயம் பார்த்துக் கொண்டிருந்தது. வங்காளத் தலைவர் விபின் சந்திர பாலர் சிறையிலிருந்து விடுதலையானதைக் கொண்டாடக் கூட்டம் நடந்தது. அதைக் காரணம் காட்டி, 1908 மார்ச் 12-ல், வ.உ.சி., சிவா, பத்மநாப ஐயங்கார் மூவரையும் திருநெல்வேலியில் கைது செய்தார்கள்.

மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. கடைகள் அடைக்கப்பட்டன. மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள். அரசு அலுவலகங்கள் எரிந்தன. போலீஸ் சுட்டதில் நான்கு பேர் உயிரிழந்தார்கள்.

வழக்கு நடந்தது. 1908 ஜூலை 7-ல், நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். அரசுக்கு எதிராகப் பேசியதற்கு 20 ஆண்டு. சுப்பிரமணிய சிவாவுக்கு இடம் கொடுத்து உதவியதற்கு இன்னொரு 20 ஆண்டு. ஆக மொத்தம் 40 ஆண்டு! நண்பனுக்குச் சோறு போட்டுத் தங்க வைத்ததும் குற்றம் என்றால், அது எப்படிப்பட்ட ஆட்சி என்று நீங்களே பார்த்துக் கொள்ளுங்கள். அப்போது வ.உ.சி.க்கு 36 வயதுகூட நிறையவில்லை.

தீர்ப்பைக் கேள்விப்பட்ட அவருடைய தம்பி மீனாட்சிசுந்தரத்துக்குப் புத்தி பேதலித்து விட்டது. கடைசி வரை அவர் தேறவில்லை.

மேல்முறையீடு செய்த பிறகு, தண்டனை 6 ஆண்டாகக் குறைந்தது. ஆனால், தீர்ப்பு வந்த சில நாட்களிலேயே அவரை அழைத்து... இல்லை, இழுத்து வந்தது எங்கே தெரியுமா? கோவை மத்திய சிறைக்கு!

மாடு இழுக்க வேண்டிய செக்கு

கோபியிலிருந்து கோவை பஸ் ஏறினால், காந்திபுரத்தில் இறங்குவோம் இல்லையா? அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், டாக்டர் நஞ்சப்பா சாலையில் இருக்கிறது அந்தச் சிறை வளாகம். 1872-ல் உண்டானது. பார்த்தீர்களா... வ.உ.சி. பிறந்த அதே ஆண்டு! அப்போது கோபியும் கோவை மாவட்டத்தில்தான் இருந்தது. அதனால், அந்தச் சிறை நம் தாத்தாவுக்குத் தாத்தாக்களின் மாவட்டச் சிறை.

முதலில் அவருக்குக் கொடுத்தது, நார் உரிக்கும் எந்திரத்தைச் சுற்றுகிற வேலை. பேனா பிடித்த கை, தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. அதைப் பார்த்து வேலையை மாற்றினார்கள். எந்த வேலைக்கு? செக்கிழுக்க!

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் செக்கு தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் பாட்டியிடம் கேளுங்கள். கல்லிலோ மரத்திலோ செய்த பெரிய உரல். அதற்குள் தடியான ஓர் உலக்கை. உலக்கையோடு இணைந்த நீளமான கட்டை. கட்டையில் மாட்டைப் பூட்டினால், அது உரலைச் சுற்றிச் சுற்றி நடக்கும். உலக்கை சுழன்று, எள்ளும் கடலையும் நசுங்கி, எண்ணெய் சொட்டும். உள்ளே பிண்ணாக்கு இறுக இறுக, இழுவை கனக்கும். பழகிய மாடே சிறிது நேரத்தில் நுரை தள்ளும்.

அந்த மாட்டின் இடத்தில் வ.உ.சி.யை நிறுத்தினார்கள்.

கொளுத்தும் வெயில். கால்களில் சூடு. உடம்பில் சிறை உடை. அரை வயிற்றுக்குக் கூழ். சட்டம் படித்தவர், கடலில் இரண்டு கப்பல் ஓட்டியவர், கல்லுச் செக்கைச் சுற்றி வட்டம் வட்டமாக நடந்தார். மன்னிப்புக் கேட்டு, இனி அரசியலுக்கு வரமாட்டேன் என்று எழுதிக் கொடுக்கவில்லை.

கோவையில் வழக்கறிஞராக இருந்தவர் சி.கே. சுப்பிரமணிய முதலியார். பெரியபுராணத்துக்கு மிகப் பெரிய உரை எழுதிய தமிழறிஞர் அவர். அரசின் கோபத்துக்குப் பயப்படாமல், சிறையிலிருந்த வ.உ.சி.க்கு உதவி செய்தார். நம் கொங்கு மண்ணுக்கு அது ஒரு பெருமை.

பகலில் இந்தப் பாடு. கிடைத்த நேரத்தில் வ.உ.சி. என்ன செய்தார் தெரியுமா? படித்தார், எழுதினார்! ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில எழுத்தாளரின் நூலை, 'மனம் போல் வாழ்வு' என்று தமிழாக்கினார். 1910 டிசம்பரில் அவரைக் கண்ணனூர் சிறைக்கு மாற்றினார்கள். அங்கே உடன் இருந்த கைதிகளுக்காக, 'மெய்யறம்' என்ற அறநூலை எழுதினார். தன் வாழ்க்கையையும் செய்யுளாகவே எழுதத் தொடங்கினார். உடம்பைத்தான் பூட்ட முடிந்தது அவர்களால்!

கப்பல் எங்கே?

1912 டிசம்பரில் விடுதலை. சிறைக் கதவு திறந்தது.

நான்கு வருடங்களுக்கு முன், அவர் கைதானதற்காக ஓர் ஊரே எரிந்ததல்லவா? இப்போது வாசலில் ஆயிரம் பேர் மாலையோடு நிற்க வேண்டாமா? விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான் நின்றார்கள். அடக்குமுறைக்குப் பயந்து ஊர் அடங்கிப் போயிருந்தது. சுப்பிரமணிய சிவாவும் சிறைவாசத்தில் தொழுநோய் தொற்றி, உருமாறிப் போயிருந்தார்.

கப்பல்? அவர் சிறையில் இருந்தபோதே, நடத்த ஆளில்லாமல் கம்பெனி நொடித்தது, 1911-ல் கலைக்கப்பட்டது. கப்பல்கள் விலைக்குப் போயின. எந்தக் கம்பெனியை எதிர்த்து ஊரே பணம் போட்டு வாங்கியதோ, அதே ஆங்கிலேயக் கம்பெனியிடமே காலியா கப்பல் போனதைக் கேட்டு வ.உ.சி. துடித்துப் போனார். இதைவிடக் கடலில் நொறுக்கிப் போட்டிருக்கலாமே என்று பாரதியாரும் மனம் வெந்தார்.

சொத்து போயிற்று. வழக்கறிஞர் தொழில் செய்யும் உரிமையையும் அரசு பறித்து விட்டது. சென்னைக்குக் குடிபெயர்ந்து, மளிகை, மண்ணெண்ணெய் வியாபாரம் செய்து பார்த்தார். கேட்டவர்க்கெல்லாம் அள்ளிக் கொடுத்துப் பழகிய கைக்கு, தராசு பிடித்து லாபம் பார்க்க வரவில்லை.

தென்னாப்பிரிக்காவில் இருந்த தமிழர்கள் அவருடைய கஷ்டத்தைக் கேள்விப்பட்டு, தங்களால் முடிந்ததைத் திரட்டினார்கள். அந்தப் பணம் காந்திஜி மூலமாக வர வேண்டும். கணக்குகளைத் தேடி எடுப்பதில் தாமதம். வ.உ.சி. வீட்டிலோ வறுமை. அதற்காக அவர் கடுமையாக ஒரு சொல் எழுதவில்லை. பணிவாகக் கடிதம் எழுதிப் பொறுமையாகக் காத்திருந்தார். 1916-ன் தொடக்கத்தில், 347 ரூபாய் 12 அணா வந்து சேர்ந்தது. லட்சக்கணக்கில் திரட்டிக் கப்பல் வாங்கியவர், அந்த 347 ரூபாய்க்கு எவ்வளவு நன்றியோடு இருந்தார் என்பதை அவர் கடிதங்களைப் படித்தவர்கள் சொல்கிறார்கள்.

மீண்டும் கோவை

1920-களின் தொடக்கத்தில், வ.உ.சி. திரும்பவும் கோவைக்கு வந்தார். இந்த முறை கைதியாக அல்ல. குடும்பத்தோடு, பிழைப்புத் தேடி! செக்கிழுத்த அதே ஊரில், வங்கி ஒன்றில் மேலாளராக வேலை பார்த்தார். சிறை மதில் இருக்கும் பக்கமாக நடக்கும்போதெல்லாம் அவர் மனதில் என்ன ஓடியிருக்கும்?

வருமானம் போதவில்லை. பறித்த வழக்கறிஞர் உரிமையைத் திரும்பத் தரும்படி விண்ணப்பம் போட்டார். வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி அதை ஏற்றுக் கொண்டார். அந்த உதவியை வ.உ.சி. மறக்கவே இல்லை. தன் கடைசி மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார்! ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்து எல்லாவற்றையும் இழந்தவர், நல்லது செய்த ஆங்கிலேயர் ஒருவரின் பெயரைத் தன் பிள்ளைக்குச் சூட்டினார். அவருடைய எதிர்ப்பு, அநியாயத்தின் மீதுதான். மனிதர்கள் மீது அல்ல.

பிறகு கோவில்பட்டியில் வழக்கறிஞராக இருந்தார். கடைசிக் காலத்தில் தூத்துக்குடிக்கே திரும்பினார். இந்தக் கஷ்டங்களுக்கு நடுவிலும் தமிழை விடவில்லை. தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய பழைய உரையைப் பதிப்பித்தார். திருக்குறள் அறத்துப்பாலுக்குத் தானே உரை எழுதினார்.

கடைசிக் கணக்கு

1936-ல் உடல்நிலை மோசமானது. அப்போது அவர் ஓர் உயில் எழுதினார். உயில் என்றால், என் சொத்து இன்னாருக்கு என்று எழுதுவதுதானே வழக்கம்? வ.உ.சி.யின் உயிலில் கடன் கணக்கும் இருந்தது. ஜவுளிக் கடைக்கு இவ்வளவு பாக்கி, எண்ணெய்க் கடைக்கு இவ்வளவு பாக்கி, சில்லறைக் கடன் இவ்வளவு என்று குறித்து வைத்தார். தான் போன பிறகு யாரும் தன்னால் ஒரு ரூபாய்கூட இழக்கக் கூடாது என்பது அவர் கவலை.

1920-ல், காந்திஜியின் ஒத்துழையாமை வழியில் உடன்பாடு இல்லாமல் காங்கிரசை விட்டு விலகியவர் அவர். ஆனாலும், உயிர் பிரியும் நேரத்தில் தன்னைத் தூத்துக்குடி காங்கிரஸ் அலுவலகத்துக்குக் கொண்டு போகும்படி கேட்டுக் கொண்டார். அங்கே, 1936 நவம்பர் 18-ல் அவர் உயிர் பிரிந்தது. வயது 64. சுதந்திரத்துக்கு இன்னும் 11 ஆண்டுகள் பாக்கி இருந்தன.

தோற்றாரா, ஜெயித்தாரா?

இப்போது ஒரு கேள்வி கேட்கிறேன் குட்டீஸ். கப்பல் போயிற்று, கம்பெனி போயிற்று, சொத்து போயிற்று. சுதந்திரத்தையும் அவர் கண்ணால் பார்க்கவில்லை. அப்படியானால் வ.உ.சி. தோற்றுப் போனாரா?

அவரைப் பற்றிய படமும்கூட, வெளிவந்தபோது ஓடவில்லை! பந்துலுவுக்குப் பெரிய நஷ்டம். 1967-ல் அதற்குக் கேளிக்கை வரி விலக்கு கிடைத்தது. பிறகு தொலைக்காட்சியிலும் பலமுறை வந்தது. வெளியானபோது தியேட்டருக்குப் போகாத குடும்பங்கள், பின்னாளில் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக் கொண்டே பார்த்தன. படத்தின் கதையும், அவர் கதை மாதிரியே ஆயிற்று பாருங்கள்... முதலில் மறந்தோம், பிறகுதான் கொண்டாடினோம்.

இனாமாகக் குடை கொடுத்த அந்த ஆங்கிலேயக் கம்பெனியின் பெயரில் இன்று கடலில் ஒரு கப்பலும் ஓடவில்லை. ஆனால், எந்தத் தூத்துக்குடிக் கரையில் அவரைக் கேலி செய்தார்களோ, அந்தத் துறைமுகத்துக்கு 2011-ல் வ.உ. சிதம்பரனார் துறைமுகம் என்றே பெயர் வைத்தார்கள். உலகத்தின் எந்த மூலையிலிருந்து அங்கே கப்பல் வந்தாலும், அவர் பெயரைச் சொல்லித்தான் கரை சேர வேண்டும்!

கோவையிலும் வ.உ.சி. பூங்கா இருக்கிறது, வ.உ.சி. மைதானம் இருக்கிறது. சிறை வளாகத்தில் அவர் நினைவாகச் செக்கும் வைத்துப் பாதுகாத்து வந்திருக்கிறார்கள்.

அடுத்த முறை அப்பா, அம்மாவோடு துணிமணி எடுக்கக் கோவைக்குப் போகும்போது, காந்திபுரத்தில் இறங்கியதும் சிறை மதில் இருக்கும் பக்கமாக ஒரு நிமிடம் திரும்பிப் பாருங்கள். பஸ் ஹாரன் சத்தத்துக்கு நடுவே, ஒரு செக்கு மெல்லச் சுற்றுகிற சத்தம் உங்கள் மனதுக்குக் கேட்கலாம். கூட வரும் தம்பி, தங்கை என்னவென்று கேட்டால், இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

சாகும்போதுகூடக் கடைக்காரர் பாக்கியை எழுதி வைத்தவர் அவர். அவருக்கு நாம் கொடுக்க வேண்டிய பாக்கி, இப்படிச் சொல்லச் சொல்லத்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தீரும்!